பன்னிரண்டு உருவுக்குப் பதினோரு இடைவெளி

ஜூஜுவாடியில் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகம். எங்கள் ஏழாம் வகுப்பில் 24 பேர். வீட்டில் பேசும் மொழிகளோ தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி என ஐந்து. சிப்காட் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டின் நடுவில் சேர்ந்து, நடுவிலேயே போய்விடுவதும் உண்டு. அப்படி பீகாரிலிருந்து ஜூலையில் வந்து சேர்ந்த ஒரு மாணவன் நவம்பர் வரை என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. வாய்க்கணக்குக்குப் பதில் சொல்லாததால் அவன் பெயரை மெல்லக் கற்போர் பட்டியலில் எழுதியதும் நான்தான்.

எண் அமைப்புகள் பாடத்துக்காக ஒரு பழைய ஆங்கிலக் கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்துக்கொண்டேன். 'கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாட்கள்' என்ற அந்தப் பாட்டு 1780 வாக்கில் லண்டனில் ஒரு சிறுவர் புத்தகத்தில் அச்சானது. அப்போது அது நினைவாற்றல் விளையாட்டு. வரிசையை மறந்தவர் ஏதாவது அபராதம் தர வேண்டும். முதல் நாள் ஒரு கவுதாரி பரிசு. இரண்டாம் நாள் இரண்டு புறாக்களோடு மறுபடியும் ஒரு கவுதாரி. இப்படி டிசம்பர் 25 முதல் ஜனவரி 5 வரை பரிசுகள் ஏறிக்கொண்டே போகும். பன்னிரண்டாம் நாளில் மட்டும் 78 பரிசுகள். எல்லா நாளையும் கூட்டினால் 364. "வருஷத்துக்கு ஒண்ணுதான் மிஸ் குறையுது" என்று கண்டுபிடித்தது கடைசி பெஞ்சு.

இதைத் துணியில் தைக்கலாம் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சிறுமிகள் எழுத்தையும் எண்ணையும் ஒரு மாதிரித் துணியில் தைத்துத்தான் பழகினார்கள். துணியே அவர்களுக்குப் பயிற்சி நோட்டு. நம் பக்கத்திலும் இதற்கு வரலாறு இருக்கிறது. 1819இல் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியில் அந்த வேலையைத் தொடர்ந்தார். கர்நாடகத்துக் கசூதித் தையலில் துணிமேல் படம் வரைவதே இல்லை. இழையை எண்ணித்தான் தைப்பார்கள். அதில் குறுக்குத் தையலுக்கு 'மெந்தெ' என்று பெயர். பெயரைச் சொன்னதும் கன்னடம் பேசும் மாணவி ஒருத்தி, "வெந்தயம் மிஸ்!" என்றாள். பாட்டு, மாதிரித் துணி, கசூதி மூன்றும் எண்ணிக்கையில் சந்திப்பது எனக்குப் பிடித்திருந்தது.

மேட்டி துணியில் மேலே ஒரு கவுதாரி, அதன்கீழ் இரண்டு புறா என இறங்கி, அடியில் பன்னிரண்டு பறை வர வேண்டும். தைத்து முடித்தால் தானாகவே மர வடிவம் கிடைக்கும். கவுதாரி நம் ஊர்ப் பறவை என்பதால் அதை மாற்றவில்லை. மற்றவற்றில் பலவற்றைப் பிள்ளைகள் மாற்றிவிட்டார்கள். ஐந்து மோதிரம் ஐந்து ஓசூர் ரோஜாவானது. ஏழு அன்னம் தளிக் காட்டிலிருந்து இறங்கிய ஏழு யானையானது.

ஓர் உருவுக்கு அகலம் 5 கட்டம், உயரம் 5 கட்டம் என்று வைத்துக்கொண்டேன். கீழ் வரிசைக்கு 12 × 5 = 60 கட்டம் வேண்டும். எங்கள் துணியில் அங்குலத்துக்கு 10 கட்டம் என்பதால் 6 அங்குலம். இருபுறமும் மடித்துத் தைக்க ஓர் அங்குலம் விட்டு, 8 அங்குலச் சதுரமாக நான்கு துண்டுகள் வெட்டிவிட்டேன். கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டபோது அந்த மாணவன் எழுந்து வந்தான். தன் கட்ட நோட்டைக் காட்டி, பென்சிலால் உருவுகளுக்கு நடுவே ஒவ்வொரு கட்டமாகத் தொட்டான். "கியாரா, மிஸ். பதினொண்ணு."

பன்னிரண்டு உருவுக்கு நடுவே பதினோரு இடைவெளி. நான் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 60 அல்ல, 71 கட்டம். ஓரத்தில் அரை அங்குலம்கூட மிஞ்சாது. துணியோ வெட்டியாயிற்று. "அப்போ நாலு கட்டம் வெச்சா?" என்று யாரோ கேட்க, 48உம் 11உம் 59 என்றான் அவன். அது போதும். யானையை 16 கட்டத்துக்குள் அடைக்க மட்டும் இரண்டு பாடவேளை ஆயிற்று. தும்பிக்கைக்கு ஒரே ஒரு கட்டம். அன்று மாலை பட்டியலைத் திருத்தினேன். அவனுடைய தமிழ் வாசிப்பு இன்னும் தடுமாற்றம்தான், ஆனால் அது வேறு விஷயம்.

வேலையைப் பங்கிட்டதில் இன்னொரு பாடம் கிடைத்தது. ஒரு துணிக்கு ஆறு பேர். முதல் வரிசை எடுத்தவருக்கே பன்னிரண்டாவதும், இரண்டாவது எடுத்தவருக்கே பதினொன்றாவதும். எல்லாருக்கும் 13 உரு; 6 × 13 = 78. சூத்திரத்தைச் சொல்லாமலே சூத்திரம் வந்துவிட்டது. பாட்டு முழுவதிலும் ஒவ்வொரு பரிசும் எத்தனை முறை வருகிறது என்று அட்டவணை போட வைத்தால் 12, 22, 30, 36, 40, 42 என்று ஏறி, அதே எண்களாக இறங்கும். இது எட்டாம் வகுப்புக்கும் ஆகும்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். முனை மழுங்கிய ஊசி வாங்குங்கள். ஆறு இழை நூலில் இரண்டு இழையைப் பிரித்துக் கோக்கச் சொல்லுங்கள், முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். பெருக்கல் குறியின் மேல்கால் எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய வேண்டும். இதைத்தான் அடிக்கடி மறப்பார்கள். ஆண்பிள்ளைகளும் தைக்க வேண்டும். எங்கள் வகுப்பில் முதல் நாள் சிரித்தவர்கள் மூன்றாம் நாள் ஊசிக்குச் சண்டை போட்டார்கள். வேலைக்குமுன் ஊசிகளை எண்ணிக் கொடுத்து, முடிந்ததும் எண்ணி வாங்குங்கள்.

அரையாண்டுத் தேர்வு குறுக்கிட்டதால் விடுமுறைக்குமுன் முடிந்தது ஒரே துணிதான். மற்றவை ஜனவரிக்குப் போயின. பொங்கல் முடிந்து வந்தபோது அந்த மாணவனின் அப்பாவுக்கு பொம்மசந்திராவில் வேலை மாறியிருந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது அவனுடைய பன்னிரண்டாம் வரிசையில் மூன்று பறை பாக்கி. அதைப் பக்கத்தில் இருந்த மாணவி தைத்து முடித்தாள். அவள் தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது, உற்றுப் பார்த்தால் தெரியும். பிரிக்கச் சொல்லவில்லை.