நம்ம இடம் என்ன விலை பெறும்?



குழுவில் ஐநூறு ரூபாய் கணக்கு இடித்தால்கூட நாலு கேள்வி கேட்கிறோம். பிறந்த வீட்டுப் பாகப்பிரிவினையில் மட்டும், "கைடுலைன்படி உன் பங்கு இவ்வளவுதாம்மா" என்று அண்ணன் சொன்னதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று 1989-இல் தமிழ்நாட்டிலும், 2005-இல் நாடு முழுவதும் சட்டம் வந்துவிட்டது. பங்கு இருக்கிறது. அதன் விலைதான் நமக்குத் தெரிவதில்லை.

கைடுலைன் என்கிற வழிகாட்டி மதிப்பு, முத்திரைத்தாள் கட்டணம் கணக்கிட அரசு வைத்திருப்பது. 2017-இல் அதை 33 சதவீதம் குறைத்தார்கள். அதற்காக ஊரில் இடத்தின் விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கியதா என்ன? சந்தை விலை வேறு.

அதைக் கண்டுபிடிக்க, பக்கத்தில் சமீபத்தில் கைமாறிய மூன்று இடங்களைப் பிடியுங்கள். அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் விற்ற தேதியும் கைமாற்றுத் தொகையும் இருக்கும். பத்திரத்தில் குறைத்து எழுதுவது நம் பக்கம் வழக்கம்தானே! அதனால் வாங்கியவர், விற்றவர் இரண்டு பேரிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். "நான் சென்ட் ஆறு லட்சம் சொல்றேன்" என்பவர் சொல்வது ஆசை விலை. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம். முப்பதடி ரோட்டில் 3 சென்ட் 12 லட்சத்துக்குப் போனது. சென்ட் 4 லட்சம். பன்னிரண்டடிச் சந்தில் 5 சென்ட் பதினேழரை லட்சம், சென்ட் மூன்றரை. உங்கள் 3 சென்ட் இருபதடிப் பாதையில் இருந்தால் பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் நிற்கும். பெரிய இடத்துக்குச் சென்ட் விலை கொஞ்சம் குறைவாகத்தான் வரும், அதையும் மனதில் வையுங்கள். 1 சென்ட் 435.6 சதுர அடி. சிலர் 400 என்று போட்டுக் கணக்குச் சொல்வார்கள், விடாதீர்கள்.

பழனிசெட்டிபட்டியில் கம்பம் ரோட்டு முகப்பு விலையை உள்தெருவுக்குப் பொருத்த முடியாது. முல்லையாற்றுப் பக்கத்து வயலை மனை விலைக்குப் பேசவும் கூடாது. "ரயிலே வந்திருச்சு, விலை ஏறிப்போச்சு" என்பார் புரோக்கர். தேனிக்கு 2022 மே மாதம் ரயில் வந்தது உண்மை. நம் தெருவில் அதற்குப் பிறகு யார், என்ன விலைக்கு வாங்கினார் என்று திருப்பிக் கேளுங்கள்.

பட்டா யார் பேரில், புலப்படத்தில் பாதை இருக்கிறதா, மனைக்கு அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பிறகே விலை. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அங்கீகாரமில்லாத மனை என்றால் வரன்முறை உத்தரவு வேண்டும். அது இல்லாத இடத்தை அங்கீகார மனையோடு ஒப்பிட்டால் கணக்குத் தப்பிவிடும்.

விலையை ஒரே தொகையாக எழுதாமல் 'இதிலிருந்து இதுவரை' என்று எழுதி, கீழே அந்த மூன்று இடங்களையும் தேதியையும் குறித்து வையுங்கள். ஆறு மாதம் தாண்டினால் மறுபடி விசாரிக்க வேண்டும்.