பழைய கணினியும் புதிய வேகமும்

1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை உருவாக்கினார். அதனை அடிப்படையாகக் கொண்டு இன்று பல பதிப்புகள் வழங்குகின்றன. அவற்றுள் ஒன்று உபுண்டு.

உபுண்டுவின் முதன்மைப் பதிப்பு அழகிய திரைமுகப்பு உடையது. ஆயினும் மிகுதியான நினைவகத்தை வேண்டுவது. 2 ஜிபி நினைவகமே உள்ள பழைய கணினியில் அது தளர்ந்து இயங்கும். நினைவகம் நிரம்பியதும் தரவின் ஒரு பகுதி வன்தட்டிற்கு மாற்றப்படும். வன்தட்டு நினைவகத்தினும் மெதுவானது; எனவே கணினியின் வேகம் குன்றும். எளிய முகப்புடைய லுபுண்டு இத்தகைய கணினிக்கு ஏற்றது.

கணினியைத் தொடங்கும்போது தாமே இயங்கும் தேவையற்ற செயலிகளை நிறுத்துதல், நினைவகத்தைக் கூட்டுதல், வன்தட்டிற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்துதல் ஆகியனவும் வேகத்தை மிகுவிக்கும்.

புதிய பதிப்பை முதலில் பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்தல் நன்று. நிறுவும்போது பழைய கோப்புகள் அழியக்கூடும். ஆதலின் அவற்றை முன்னரே படியெடுத்தல் வேண்டும். தேவையறிந்து தேர்ந்த பதிப்பு, பழைய கணினி குப்பையாவதைத் தடுக்கும்.

அருஞ்சொற்பொருள்
கரு – மையப்பகுதி
குன்றும் – குறையும்
படியெடுத்தல் – நகலெடுத்தல்

பயிற்சி
1. நினைவகம் நிரம்பினால் கணினியின் வேகம் ஏன் குறைகிறது?
2. லுபுண்டு எத்தகைய கணினிக்கு ஏற்றது?
3. பிரித்து எழுதுக: தேவையற்ற, தேவையறிந்து.