ஏரிக்கரையில் மாலைத் தூண்டில்

ட்ரௌட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். நீலகிரியிலுள்ள அவலாஞ்சியில் 1907-ஆம் ஆண்டு இதற்கெனக் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டது. ஓடையில் இம்மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். இரை அதனிடம் மிதந்து வரும். ஏரியிலோ அத்தகைய ஓட்டமின்மையால், மீனே இரை தேடி உலாவுகின்றது. பகல் வெயிலில் ஆழத்தை நாடும் அது, பூச்சிகள் நீர்மேற் கூடும் அந்தியில் கரையோரத்திற்கே வருவதுண்டு.

இதனைக் கருதாது நாம் நீரிலிறங்கித் தொலைவில் தூண்டில் வீசுவோமாயின், காலடியிலுள்ள மீனையே விரட்டியவராவோம்; நீரின் சிற்றதிர்வையும் அதன் பக்கக்கோடு உணர்ந்துவிடும். ஆதலால், கரைக்குச் சற்றுப் பின்னே அசையாது நின்று, நீர்மேல் எழும் வட்டங்களை நோக்கி, மீன் செல்லும் வழியறிந்து, அதற்கு முன்னே செயற்கை ஈயை இடுவோமாக. அருகில் பார்த்த பின்னரே தொலைவை நாடுதல் தகும்.