சளியில் சிவப்புக் குச்சி

எங்கள் சித்தப்பாவுக்கு மூணு வாரமாக இருமல். ஆஸ்பத்திரியில் சளி கொடுத்தார். முதலில் ‘கிருமி இல்லை’ என்று வந்தது. அடுத்த தடவை ‘இருக்கு’ என்றார்கள். ஒரே ஆளுக்கு எப்படி ரெண்டு பதில்? பரிசோதனை செய்யும் அக்காவிடமே கேட்டுவிட்டேன். அவர் சொன்னதையும் எங்கள் அறிவியல் டீச்சர் விளக்கியதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பாக்டீரியாவுக்குப் பெரும்பாலும் நிறமே கிடையாது. நுண்ணோக்கியில் வைத்தாலும் தண்ணீரில் கண்ணாடித் துண்டு கிடப்பது மாதிரிதான். அதனால் சாயம் ஏற்றுகிறார்கள். 1884-இல் டென்மார்க் டாக்டர் கிராம் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அதில் சில பாக்டீரியா ஊதாவாகவும் சில இளஞ்சிவப்பாகவும் தெரியும். செல்சுவர் தடிப்பாக இருந்தால் ஊதா தங்கிவிடும்.

ஆனால் காசநோய்க் கிருமியிடம் இது சரியாகப் பலிக்காது. அதன் சுவரில் மெழுகு போன்ற கொழுப்பு இருக்கிறது. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஒட்டுமா? அது மாதிரி! 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் காக் இக்கிருமியைக் கண்டுபிடித்ததை பெர்லினில் அறிவித்தார். சாயம் ஏற அவர் ஒரு நாள் முழுக்க ஊறவைத்தாராம். பிறகு சீல், நீல்சன் என்ற ஜெர்மானியர்களின் பெயரால் சுலபமான முறை வந்தது.

சளியைக் கண்ணாடி வில்லையில் மெல்லிசாகத் தடவி, காயவைத்து, தீயில் லேசாகக் காட்டுகிறார்கள். மேலே கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் ஊற்றி அடியில் சூடு காட்டணும். ஆவி வரலாம், கொதிக்கக் கூடாது. சூட்டில் சாயம் மெழுகைத் தாண்டி உள்ளே போய்விடும். ஐந்து நிமிஷம் கழித்துக் கழுவி, நீர்த்த கந்தக அமிலம் ஊற்றுவார்கள். மற்ற பெரும்பாலானவற்றில் சிவப்பு போய்விடும், இது விடாது! கடைசியில் மெத்திலீன் நீலம். ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால் நீலத்தில் சிவப்புக் குச்சிகள்.

எனக்கும் ஒரு வில்லையைக் காட்டினார். கண் இமை முடி உதிர்ந்து கிடப்பது போல இருந்தது. எண்ணினேன், ஏழு.

சரி, முதல் தடவை ஏன் தெரியவில்லை? ஒரு மில்லி சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் இந்த முறையில் கண்ணில் படுமாம். சித்தப்பா அன்று கொடுத்தது சளியே இல்லை, வெறும் எச்சில்! காலையில் ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கணும். இப்போது மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்கும் இயந்திரமும் வந்துவிட்டது. குறைவாக இருந்தாலும் அது காட்டும். ஆனால் அதற்கும் எச்சில் போதாது என்றார் அக்கா.

சித்தப்பா மாத்திரை சாப்பிடுகிறார், ஆறு மாசம் விடாமல் சாப்பிடணும். எச்சிலைக் கொடுத்துவிட்டு வந்ததற்குச் சித்தி இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.