முதிர்ந்தோர் பயின்ற முன்னோர் மொழி

முன்னுரை

கல்வி இளமைக்கே உரியது என்னும் எண்ணம் பலரிடத்தும் உண்டு. இளமையில் கல்லாது விட்ட மறைமொழியை முதிர்ந்த வயதில் மீட்டெடுக்க இயலுமா? இவ்வினாவிற்கு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் இயங்கிய யூதக் கல்விக்கூடம் ஒன்று அளித்த விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இழப்பும் மீட்சியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய யூதர்கள் படிப்படியாகக் குடியுரிமை பெற்றுக் கல்வியிலும் வணிகத்திலும் உயர்ந்தனர். ஆயினும் அவ்வுயர்வுடன் ஓர் இழப்பும் வந்து சேர்ந்தது. பாட்டனார் நாள்தோறும் ஓதிய ஹீப்ரு மொழியைப் பெயரர் பலர் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் அறியாராயினர்.

1886இல் பிறந்த பிரான்ஸ் ரோசன்சுவைக் சமயப் பற்றுக் குறைந்த குடும்பத்தில் வளர்ந்தவர். மெய்யியல் பயின்ற அவர், 1913இல் கிறித்தவ சமயத்தைத் தழுவ எண்ணினார். அவ்வாண்டிலேயே அம்முடிவைக் கைவிட்டு, முன்னோர் நெறியை ஆழ்ந்து கற்கலானார். தாம் பெற்ற பேற்றைப் பிறரும் பெறுதல் வேண்டும் என்னும் வேட்கையால், 1920இல் 'சுதந்திர யூதக் கல்வி இல்லம்' என்னும் முதியோர் கல்விக்கூடத்தின் தலைமையை ஏற்றார்.

புதிய கற்றல் முறை

முன்னோர் மறையிலிருந்து தொடங்கி வாழ்வை நோக்கிச் சென்றனர். மறையை மறந்தோரோ தம் வாழ்விலிருந்து தொடங்கி மறையை நோக்கி வருதல் வேண்டும் என்பது ரோசன்சுவைக் கொள்கை. ஆகவே அறியாமையை அவர் குற்றமாகக் கருதவில்லை, நுழைவாயிலாகவே கருதினார். வேதியியலறிஞர் எட்வார்டு ஸ்ட்ராஸ் அங்கு மறைநூல் வகுப்பு நடத்தினார்; மருத்துவர் ரிச்சர்ட் கோக்கும் விரிவுரையாற்றினார். கற்பிப்போரும் கற்போராகவே அமர்ந்தனர். மார்ட்டின் பூபர், கெர்ஷோம் ஷோலம் முதலிய பேரறிஞர்களும் அங்குப் பாடம் நடத்தினர். 1922-23ஆம் ஆண்டளவில் பயின்றோர் தொகை சுமார் 1,100ஐ எட்டியது.

மொழியின் இன்றியமையாமை

வழிபாட்டின் உயிர் மூலமொழியில் உள்ளது என்பதால் ஹீப்ரு வகுப்புகளும் நடைபெற்றன. ஹீப்ரு 22 எழுத்துகளை உடையது. அரபியைப் போன்றே வலமிருந்து இடமாக எழுதப்படுவது. மூவெழுத்து வேரே இரு மொழிகளின் வினைச்சொற்களுக்கும் அடிப்படை. எழுதினான் என்பதற்கு அரபியில் 'கதப' என்பர். ஹீப்ருவில் 'கதவ்' என்பர். அரபியின் 'ஸலாம்' ஹீப்ருவில் 'ஷாலோம்' ஆகும். இவ்வேரிலக்கணத்தை ஹீப்ருவிற்கு முறைப்படுத்தியவர், முஸ்லிம்கள் ஆண்ட குர்துபாவில் வாழ்ந்த யூத அறிஞர் யஹூதா ஹய்யூஜ். அரபு இலக்கண முறையைப் பின்பற்றித் தம் நூல்களை அவர் அரபியிலேயே இயற்றினார் என்பது ஈண்டு எண்ணி மகிழத்தக்கது.

சோதனையில் துணை

1922இல் ரோசன்சுவைக்கைத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் பற்றியது. நாளடைவில் பேச்சும் எழுத்தும் நின்றன. எனினும் மனைவியாரின் துணையுடன், அந்தலூஸின் யூதப் புலவர் யஹூதா ஹலேவியின் ஹீப்ருப் பாக்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1925 முதல் பூபருடன் இணைந்து மறைநூல் மொழிபெயர்ப்பிலும் ஈடுபட்டார். 1929இல் மறைந்தார்.

அதற்கு முன்னரே அக்கல்வி இல்லத்தின் பணி தளர்ந்திருந்தது. 1933இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றி யூதர்களை அரசுப் பணிகளினின்றும் வெளியேற்றத் தொடங்கினர். தம்மைத் தம் நாடே புறக்கணித்த அவ்வேளையில், தாம் யார் என்னும் வினா அம்மக்கள் முன் எழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் பூபர் அவ்வில்லத்தை மீண்டும் திறந்தார். 1938இல் அது மூடப்படும் வரை, அங்குக் கற்ற கல்வி மானத்துடன் வாழும் மனவலிமையை அவர்களுக்கு அளித்தது.

நிறைவுரை

செல்வமும் பதவியும் பிறரால் பறிக்கப்படலாம். உணர்ந்து கற்ற கல்வியைப் பறித்தல் அரிது. ஓதுக என்னும் கட்டளையை முதல் இறையருளாகப் பெற்ற சமுதாயத்தினர் நாம். ஓதக் கற்றும் பொருளறியாது நிற்போர் நம்மிடையேயும் உளர். வயது கடந்தது என்று அவர்கள் நாணி ஒதுங்க வேண்டுவதில்லை. அறியேன் என்று ஒப்புக்கொள்ளும் நாளே கற்கத் தொடங்கும் நாள் என்பதைப் பிராங்க்பர்ட் நகரக் கல்வி இல்லம் நமக்கு உணர்த்துகின்றது.