சீமைக் கருவேலிலிருந்து தரமான அடுப்புக் கரி

நெல்லிக்குப்பம் வட்டாரத்தில் கரும்பும் நெல்லும் முக்கியப் பயிர்கள். ஆனால் தரிசு விடப்பட்ட நிலம், ஓடைக்கரை, வரப்பு ஓரம் ஆகிய இடங்களில் சீமைக் கருவேல் தானாகவே வளர்ந்து விடுகிறது. இதை வெட்டிப் பச்சை விறகாக விற்றால் கிடைப்பது சொற்பமே. முறைப்படி கரியாக்கினால் வெட்டுக் கூலி போகவும் கையில் மிஞ்ச வாய்ப்புண்டு.

அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் இறைச்சி சுடுவதற்குப் பெயர் பெற்ற ‘மெஸ்கீட்’ கரி, நமது சீமைக் கருவேலின் இன மரங்களிலிருந்தே கிடைக்கிறது. நம் மாநிலத்தில் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கரிமூட்டம் போடுவது நெடுநாளைய தொழில். தந்தூரி அடுப்பு, சுட்ட மீன் கடை, இஸ்திரிக் கடை எனப் பல இடங்களில் இக்கரி தேவைப்படுகிறது.

விறகு தயாரித்தல்

தரையோடு வெட்டினால் மரம் மீண்டும் துளிர்க்கும். எனவே ஓர் அடி ஆழமாவது தோண்டி, தூரோடு எடுக்க வேண்டும். தூர்க்கட்டையும் நல்ல கரி தரும். முள் குத்தாதிருக்கக் காலில் கனமான செருப்பு அவசியம். ஏரி, புறம்போக்கு நிலங்களில் உள்ள மரங்களை உரிய அனுமதியின்றி வெட்டக் கூடாது.

வெட்டிய விறகை ஒரே நீளமாகத் துண்டு போட்டு, ஒரு மாதமாவது வெயிலில் உலர்த்த வேண்டும். ஈர விறகைப் போட்டால், அந்த நீரை ஆவியாக்கவே விறகில் ஒரு பகுதி எரிந்து தீரும்.

மூட்டம் போடும் முறை

தண்ணீர் தேங்காத மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுக்கவும். அடியில் மெல்லிய கட்டைகளை இடைவெளி விட்டுப் பரப்பி, மேலே தடித்த கட்டைகளை நெருக்கமாக அடுக்க வேண்டும். சந்துகளில் சிறு கட்டைகளைச் செருகவும். இதன் மீது கரும்புச் சோகையைப் பரப்பி, ஈர மண்ணை ஒரு சாண் கனத்துக்குப் பூச வேண்டும். தீ வைக்க ஒரு வாயும், அடியைச் சுற்றிச் சில காற்றுத் துளைகளும் விட வேண்டும்.

முதலில் வரும் கனத்த வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவியே. புகை மெலிந்து நீல நிறமானால், அப்பகுதி கரியாகி விட்டது என்று பொருள். உடனே அங்குள்ள துளைகளை அடைக்கவும். மண்ணில் வெடிப்பு விட்டால் தாமதியாமல் பூச வேண்டும். காற்று புகுந்தால் கிடைப்பது கரியல்ல, சாம்பலே. மூட்டத்தின் மேல் ஏறி நடப்பது உயிருக்கு ஆபத்து. உள்ளே குழியாகியிருந்தால் கால் நெருப்பில் இறங்கி விடும்.

நன்கு ஆறிய பின்னரே பிரிக்கவும். அருகில் தண்ணீர் இருக்கட்டும். எடுத்த கரியை ஒரு நாள் வெட்டவெளியில் பரப்பி வைத்த பிறகே மூட்டை கட்டவும். உள்ளே கனல் இருந்தால் மூட்டை தீப்பற்றும். 100 கிலோ உலர் விறகுக்கு 15 முதல் 25 கிலோ வரை கரி எதிர்பார்க்கலாம்.

சமையலுக்கு ஏற்ற கரி

நல்ல கரியைத் தட்டினால் கணீரென ஒலிக்கும். உடைத்த முகம் பளபளக்கும். பழுப்பு நிறமாக உள்ளது அரைகுறையாக வெந்த கரி. அது கண் எரியப் புகையும். பண்டத்தில் கசப்பு ஏறும். பெரிய கட்டி, சிறு கட்டி, தூள் எனச் சலித்துப் பிரித்து விற்றால் நல்ல விலை கேட்கலாம்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி பக்கத்திலேயே கிடைக்கிறதென்று அதில் மீனோ கறியோ சுடக் கூடாது. அதன் புகையில் கந்தகமும் தாரும் உண்டு. முன்பு நெய்வேலியில் தயாரிக்கப்பட்ட ‘லீகோ’ அடுப்புக் கரி, பழுப்பு நிலக்கரியைச் சூடேற்றி, புகையும் பொருள்களை வெளியேற்றிய பின் கிடைத்தது. மூட்டத்தில் நாம் விறகுக்குச் செய்வதும் அதுவே.

கரியைத் தேங்காய் நாரால் பற்ற வைக்கவும், மண்ணெண்ணெய் வேண்டாம். மேலே வெண்சாம்பல் படர்ந்த பிறகே மீனையோ சோளக்கதிரையோ வைக்க வேண்டும். புகை மணம் வேண்டுமானால், காய்ந்த கருவேல் சிராய் இரண்டொன்றைத் தணலில் போட்டால் போதும். இக்கரி பொறி தெறிக்கும். கூரை, வைக்கோல் போர் அருகில் ஆகாது. மூடிய அறையில் கரி எரித்தால், மணமில்லாத நச்சு வாயு ஆளைக் கொல்லும்.

கரிக்கு விலை இருக்கிறதென்று இம்மரத்தை வளர்க்க முற்பட வேண்டாம். காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தின் வழியே விதை அடுத்த வயலுக்கும் பரவும். இருப்பதைத் தூரோடு எடுத்துக் கரியாக்கி, அந்த நிலத்தில் உடனே பயிரிடுவதே விவசாயிக்கு நிலையான லாபம்.