ஒளிரும் கரப்பான்: ஒரு விளக்கம்

இருளில் ஒளிரும் பூச்சி எனின், நம் நினைவிற்கு முதலில் வருவது மின்மினியே. தென் அமெரிக்காவின் உஷ்ணப் பிரதேசக் காடுகளில் வாழும் ஒருவகைக் கரப்பானும் இவ்வரிசையில் சேர்க்கப்பட்டது. அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இக்கரப்பான் 'லூசிஹார்மெட்டிக்கா' என்னும் இனத்தைச் சார்ந்தது. வளர்ந்த ஆணின் தலையைக் கவிந்து நிற்கும் முன்மார்புத் தகட்டின்மீது, வெளிறிய புள்ளிகள் இரண்டு விளக்குகளைப் போல் அமைந்துள்ளன. பெண்ணிற்கு இவ்வமைப்பு இல்லை. இப்புள்ளிகள் ஒளி வீசுவன என 1999 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

பின்னர் 2012 இல் 'லூசிஹார்மெட்டிக்கா லுக்கே' என்ற புதிய வகை விவரிக்கப்பட்டது. ஈக்வடார் நாட்டின் துங்குராவா எரிமலைப் பகுதியில் 1939 இல் பிடிபட்ட ஒரேயொரு பூச்சியே இதற்கு ஆதாரம். அவ்வெரிமலை 2010 இல் குமுறியமையால், இவ்வகை அற்றுப்போயிருக்கலாம் என்றும் அஞ்சப்பட்டது. ஒளிரும் சொடுக்கு வண்டுகளைப் பறவை முதலியன தின்ன விரும்புவதில்லை. அவ்வண்டின் தோற்றத்தைப் போலி செய்தே இக்கரப்பான் உயிர் பிழைக்கின்றது என்பது ஆய்வாளர் கருத்து.

எனினும் 2013 இல் இக்கூற்று மறுக்கப்பட்டது. மறுப்பின் காரணத்தை அறிய, இருவகை ஒளிகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். மின்மினியின் உடலில் லூசிஃபெரின் என்னும் பொருள், லூசிஃபெரேஸ் என்னும் நொதியின் உதவியால் பிராணவாயுவுடன் கூடி ஒளியைப் பிறப்பிக்கின்றது. இது உயிரொளி, முழு இருளிலும் தோன்றும். வேறு சில பொருள்களோ, தம்மீது விழும் புற ஊதாக் கிரணங்களை ஏற்று, வேறு நிறமுள்ள ஒளியாகத் திருப்பித் தருகின்றன. கிரணம் நின்றால் அவ்வொளியும் உடனே நின்றுவிடும். இது உடனொளிர்வு எனப்படும்.

கரப்பானிடம் அளக்கப்பட்டது இவ்விரண்டாம் வகை ஒளியே என மறுப்பாளர் சுட்டினர். இதே இனத்தைச் சேர்ந்த 'வெருக்கோசா' என்னும் வகையை உயிருடன் வளர்த்து ஆராய்ந்தோரும் உயிரொளியைக் காணவில்லை, உடனொளிர்வையே கண்டனர்.

ஆகவே, விளக்கைப் போன்ற தோற்றம் ஒன்றே விளக்கு உண்டு என்பதற்குச் சான்றாகாது. உயிருள்ள பூச்சியை முழு இருளில் வைத்துப் பார்ப்பதே தக்க சோதனை. ஆனால் 'லுக்கே' வகையில் நம்மிடம் இருப்பதோ உலர்ந்த உடல் ஒன்றே. அதன் காடு அழியாமல் நிலைத்திருந்தாலன்றி, அதன் புள்ளிகள் பற்றிய வினாவிற்கு முடிவான விடை கிட்டாது.